அந்தக் காப்பி யாருக்குப் போட்டது?

எடுத்தா என்னங்கறேன்? சாக்கு சாக்குதான புள்ள. பறிச்ச மொளகு வாசல்ல குமிஞ்சு கெடக்குது, வெயிலு நல்லா அடிக்குது, காயப்போட ஒரு சாக்கு கொறையுது. பரண் மேல கைய உட்டேன், கைக்கு இதுதான் வந்துச்சு. "அது ஜெபத்துக்கு வெச்சதுங்க, அதத் தொடாதீங்க"ன்னு நீ பின்னால நின்னு சொல்றது காதுல உழுகுது. செத்து ஒரு வருசமாச்சு, உத்தரவு போடறத மட்டும் இன்னும் உடல நீ.

விரிச்சுப் பாத்தேன். நடுவுல ரெண்டு எடத்துல நூலு தேஞ்சு போயி அந்தப்பக்கம் தரை தெரியுது. உன்ற முட்டி ரெண்டும் பட்ட எடம். மூஞ்சிகிட்டக் கொண்டு போனா தலையெண்ண வாசம் கொஞ்சம், காப்பிக்கொட்ட வறுத்த பொக வாசம் கொஞ்சம். எனக்கு வந்துச்சே கோவம்! எனக்கு முன்னால ஒரு நாளாவது இப்படி முட்டி போட்டிருப்பியா நீ? என்ற கால்ல முள்ளு ஏறுனப்ப ஒருக்காப் போட்ட. அது முள்ளுக்குப் போட்டது, அதச் சேக்க முடியாது.

சாக்கப் பாத்துப் பொறாமப்படற கெழவனப் பாருன்னு சிரிக்காத. சாக்கு மேல எனக்கென்ன? அது யாருக்காகத் தேஞ்சுச்சோ, அவரு மேலதான்.

இதையெல்லாம் வாய் உட்டுச் சொன்னா பக்கத்தூட்டு ஆளுங்க எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சும்பாங்க. அதனால காலண்டர் தாளக் கிழிச்சு, பின்பக்கம் எழுதறேன். நாலாங்கிளாசு படிச்ச கையி, கோணமாணையாத்தான் வரும். நீ அஞ்சாங்கிளாசு. அந்த ஒரு கிளாசப் பத்தி நீ ஒருநாளும் பேசுனதில்ல, ஆனா நீ அத மறக்கலன்னு எனக்குத் தெரியும்.

செரி, ஞாயத்துக்கு வா.

நான் அடிவாரத்துக்காரன். கீழ எங்கப்பன் ஊட்டுல காடு, தோட்டம், குலசாமி எல்லாம் இருந்துச்சு. எனக்குப் பழனிச்சாமின்னு பேரு வெச்சிருந்தாங்க. வாழத்தாரு ஏத்தலாம்னு மலைக்கு மேல வந்தவன், குண்டனி நாட்டுல உங்க சபை வாசல்ல உன்னையப் பாத்துப்போட்டேன். "ஞானஸ்நானம் எடுத்தாத்தான் பொண்ணு"ன்னு உங்கப்பன் சொல்லிட்டாரு. தை மாசம், ஓடத் தண்ணி, பல்லு தந்தியடிக்குது. முங்கறப்ப பழனிச்சாமி, எந்திரிக்கறப்ப பேதுரு. எல்லாரும் பாட்டுப் பாடுனாங்க. நான் ஆண்டவரையா பாத்தேன்? கரையில துண்டு வெச்சுட்டு நின்னயே, உன்னையத்தான் பாத்தேன். அது அவருக்கும் தெரியும். அதனாலதான் எங்க ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் ஒத்து வரல.

கல்யாணத்தன்னிக்கு போதகரு சொல்லச் சொல்ல நீ திருப்பிச் சொல்லணும். எல்லாம் சொன்ன, என்ற பேரு வர்ற எடத்துல நின்னுட்ட. புருசன் பேர எப்படி வாயில எடுக்கறதுன்னு தலையக் குனிஞ்சுட்ட. போதகரு மூணு தரம் எடுத்துக் குடுத்தாரு. கடைசியில சொன்ன, எறும்புக்குக் கேக்கற மாதிரி. அதோட செரி. அதுக்குப் பொறவு நாப்பது வருசமா "ஏனுங்க"தான் என்ற பேரு. சந்தையில நீ "ஏனுங்க"ன்னு கூப்புட்டா பத்துப் பாஞ்சு புருசனுங்க திரும்பிப் பாப்பானுங்க. அதுல நான் எந்த ஏனுங்கன்னு நானே தேடி வரணும்.

அவரு பேரு மட்டும்? தும்முனா அவரு பேரு. பாலு பொங்குனா அவரு பேரு. கால் எடறுனா அவரு பேரு. நான் ஒருக்காக் கேட்டேன், "என்ற பேரச் சொன்னா மரியாத கொறையுதுங்கற. அவரு பேர நாளைக்கு நூறு தரம் சொல்றயே, அது மரியாதக் கொறவு இல்லையா?"

"அவரு பேரச் சொல்லிக் கூப்புடச் சொல்லித்தானுங்க இருக்குது."

"நானுந்தான் சொல்லச் சொல்றேன். சொல்லு."

"போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

விடியால நாலு மணிக்கு எந்திரிப்ப. அடுப்புப் பக்கத்துல முட்டி போடுவ. நான் கம்பளிக்குள்ள இருந்து வரிசையக் கேப்பேன். மொதல்ல போதகரு. அப்பறம் போதகரு ஊட்டம்மா. அப்பறம் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போன மவன். அப்பறம் மூலையூட்டுப் பெரியவரு மூட்டு வலி. அப்பறம் மலை ரோட்டு எழுபது வளைவுல பஸ் ஓட்டற டிரைவரு. அவருக்கு ஒரு கண்டக்டரு. செனையா இருக்கற மாடு. நான் போர்வைக்குள்ள இருந்து, "இன்னும் நம்ம ஸ்டாப்பிங் வரலையா?"ம்பேன். நீ கண்ணத் தொறக்காம, "குறுக்க பேசாதீங்க"ம்ப. மாட்டுக்கும் பொறவுதான் நானு. அதுவும் "என்ற ஊட்டுக்காரரு"ன்னு. இந்த மலையில எத்தன ஊட்டுக்காரனுங்க! அவரு எந்த ஊட்டுக்காரனுக்குன்னு நல்லது செய்வாரு?

ரெண்டு மூணு மாசம் இப்படிக் கேலி பேசுனேன். நீ சாக்க எடுத்துட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போயிட்ட. அங்க மாடு குறுக்க பேசாது பாரு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். தொண்ணூத்தேழுல நடந்தது இருக்குதே, அதுதான் இன்னும் நெஞ்சுல கெடக்குது. மறந்துட்டேங்கறயா? மறக்க மாட்ட நீ. செவ்வாக்கெழமையானா நம்மூட்டுல பொம்பளைங்க ஜெபக் கூட்டம். புதுசாக் கல்யாணமான புள்ளைங்களுக்கு நீதான் புத்தி சொல்லுவ. எப்படி நல்ல பொஞ்சாதியா இருக்கறதுன்னு ஊருக்கே பாடம் நடத்தற பொம்பள நம்மூட்டுல இருக்கறான்னு எனக்கும் உள்ளுக்குள்ள பெருமதான். அன்னிக்கு நான் செவுத்துக்கு அக்கட்டால காப்பிப்பழம் பொறுக்கிட்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாசம் ஆன புள்ள ஒன்னு அழுகுது. "என்ன செஞ்சாலும் அவிய ஒரு வார்த்த நல்லதாச் சொல்றதில்லீங்க அக்கா."

நீ சொன்ன, "நாலு பேரு முன்னால அவியள உட்டுக் குடுக்காத கண்ணு. கோவம் வந்தா மொதல்ல ஆண்டவருகிட்டச் சொல்லு. அங்க சொல்லறப்பவே பாதி கொறஞ்சிரும். மீதிய அவியகிட்டச் சொல்லு."

நான் நெனச்சுக்கிட்டேன், பாதி கொறஞ்சு எனக்கு வந்ததே அத்தனை காரம்னா, முழுசையும் வாங்குன அவரு பாவந்தான்னு.

அதோட நிறுத்தியிருக்கலாம் நீ. "காப்பி போட்டுக் குடுக்கறயா, புருசனுக்குக் குடுக்கறோம்னு நெனைக்காத. ஆண்டவருக்கே குடுக்கறோம்னு நெனச்சுக் குடு. துணி தொவைக்கறதும் அப்படித்தான், கால் புடிச்சு உடறதும் அப்படித்தான். அவரு பாத்துட்டிருக்காரு. அப்ப ஊட்டுக்காரரு ஒன்னுஞ் சொல்லாட்டியும் மனசு கசக்காது. நான் இத்தன வருசமா அப்படித்தான் ஓட்டறேன்."

கையில இருந்த பழமெல்லாம் கீழ கொட்டிப்போச்சு. இத்தன வருசமா நான் குடிச்சது எனக்குப் போட்ட காப்பி இல்லையா? அவருக்குப் போட்டத நான் குடிச்சிட்டிருந்தேனா? என்ற கால நீ புடிச்சு உட்டப்பவெல்லாம் யாரு கால நெனச்சுட்டுப் புடிச்ச?

மறுநாள் காத்தால டம்ளரக் கொண்டாந்து வெச்ச. நான் தொடல.

"ஏனுங்க, சூடு பத்தலீங்களா?"

"யாருக்குப் போட்டயோ அவரே வந்து குடிக்கட்டும்."

உனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. "செவுத்துக்கு அந்தப்பக்கம் இருந்தீங்களா?"ன்ன. சிரிப்ப அடக்கறதுக்கு முந்தானைய வாயில வெச்சுக்கிட்ட. "அவரு காப்பி குடிக்க மாட்டாருங்க. ஆறிப்போயிரும். நீங்களே குடிச்சிருங்க."

நீ சிரிச்ச. நான் சிரிக்கல. அன்னையிலருந்து ஒவ்வொரு காத்தாலயும் டம்ளரு கைக்கு வந்தா, "இது யாருக்குப் போட்டது?"ன்னு கேப்பேன். நீ, "குடிங்க"ம்ப. ஒருநாளாவது "உங்களுக்குத்தானுங்க"ன்னு ஒரு பொய்யச் சொல்லியிருந்தா உன்ற சொத்துல என்ன கொறஞ்சிருக்கும்? ஆனா நீ பொய்யே சொல்ல மாட்ட. அதுதான் எனக்குப் பெரிய எழவா இருந்துச்சு.

அடுத்த வருசம் அறுப்புப் பண்டிகை. ஊட்டுக்குப் பின்னால நான் வெச்ச மலைவாழ, மொதத் தாரு. தெனமும் போயித் தடவிப் பாத்துட்டு வருவேன். ஞாயித்துக்கெழம எந்திரிச்சுப் போயிப் பாத்தா, மரம் மொட்டையா நிக்குது. நீ தார வெட்டித் தலையில வெச்சுட்டுப் பொறப்படற.

"மொதப் பலன் அவருக்குங்க. அடுத்த தாரு உங்களுக்கு."

"எப்பவும் எனக்கு ரெண்டாவதுதான?"

"கோயிலுக்கு வாங்க, வந்து பேசிக்கலாம்."

நான் வரல. வம்புக்குன்னே வரல. நீ அந்தப்பக்கம் போனதும் மூங்கில் ஏணிய எடுத்து, மொளகுக்கொடி ஏறுன சில்வர் மரத்துல சாத்துனேன். ஞாயித்துக்கெழம வேல செய்யக் கூடாதுன்னு நீ சொல்லுவயே, அதுக்குன்னே மொளகு பறிக்க ஏறுனேன். மேல இருந்து பாத்தா கோயில் கூர தெரியும். நீங்க பாடறது கேக்கும். "பாரு, ஏறிட்டேன்"னு அவரப் பாத்துச் சொல்ற மாதிரி ஒரு படி மேல வெச்சேன். அந்தப் படி ஒடிஞ்சு வாங்கிருச்சு.

தொடையெலும்பு ரெண்டாப் போச்சு. பாட்டப் பாதியில உட்டுட்டு ஓடி வந்த. ஆளுங்க என்னையக் கம்பளியில கட்டி ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் கேக்கறாங்க, ஞாயித்துக்கெழமயும் அதுவுமா ஏணி எதுக்கு ஏறுனாருன்னு. நான் கண்ண மூடிட்டேன். இப்ப சொல்லப் போறா, ஆண்டவரு தண்டிச்சுப்போட்டாருன்னு. நீ சொன்னது, "ஏணி பழசுங்க. போன வருசமே மாத்தியிருக்கோணும்." அதுவும் நெசந்தான். நீ பொய் சொல்லல. ஆனா இருக்கற நெசத்துல எனக்குச் சாதகமான நெசத்த மட்டும் எடுத்துச் சொன்ன. பொறவு கூட ஒருநாளும் அதக் குத்திக் காட்டல.

மொளகு ஏத்தற ஜீப்புல கீழ எறங்குனோம். ஒவ்வொரு வளைவுக்கும் கத்துனேன், இருவது வளைவு வரைக்கும் நெனப்பிருந்துச்சு. உன்ற மடியில என்ற தல. மடியில நானு, வாயில அவரு பேரு. அந்த வலியிலயும் எனக்கு அது பொறுக்கல பாரு.

கீழ ஆஸ்பத்திரில நடந்தது நீ பொறவு சொல்லித்தான் தெரியும். தூக்கியாந்த ஆளுங்க ஜீப்ப நிறுத்தப் போயிட்டாங்க. நீ மட்டும் சீட்டு எழுதற நர்சம்மா முன்னால நிக்கற.

"பேசண்டு பேரு?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

"அது தெரியுதும்மா. பேரச் சொல்லுங்க."

உனக்கு வாயி வரல. புருசன் செத்துப்பொழைக்கறான், அப்பவும் பேரு வரல. எழுதிக் காட்டலாம்னு கூடத் தோணல. கடைசியில அடையாளம் சொன்னயே ஒரு அடையாளம், "சேவல் கூவறதுக்கு முன்னால மூணு தரம் தெரியாதுன்னு சொன்னாருங்களே, அவரு பேருதானுங்க."

நர்சம்மா நெத்தி நெறையத் துன்னூறு பூசுன புள்ள. அதுக்குச் சேவல்னா ஒரே சாமிதான். "முருகனா? அத நேராச் சொல்றதுக்கென்ன?"ன்னு எழுதிப்போட்டுது. நீ இல்லீங்க இல்லீங்கன்னு சொல்றதுக்குள்ள என்னையத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. நீ பின்னாலயே ஓடுன.

எனக்கு இதுல இன்னும் ஒரு கோவம் இருக்குது. அந்தப் பேதுரு தண்ணி மேல நடந்தாரு. பரலோகத்துச் சாவியே அவரு கையில குடுத்தாங்கன்னு நீதான் சொல்லுவ. அத்தனையும் உட்டுப்போட்டு ஆண்டவரத் தெரியாதுன்னு சொன்னதத்தான் சொல்லணுமா? புருசன் மேல மனசுல என்ன வெச்சிருக்கறயோ, அவசரத்துல அதுதான வாயில வரும்? "இல்லீங்க, அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைன்னு நெனச்சேன்"ன்னு சொன்ன. நம்பறேன் போ.

மறுநாள் காத்தால ஊசியோட ஒரு நர்சு வந்து நின்னுச்சு. "முருகன், கையக் காட்டுங்க."

"நான் முருகன் இல்லம்மா."

"அப்ப யாரு?"

"பேதுரு."

கால்மாட்டுல தொங்குன அட்டையப் பாத்துச்சு, என்ற மூஞ்சியப் பாத்துச்சு. நான் வெவரமாச் சொல்லிப் புரிய வெக்கலாம்னு, "மொதல்ல பழனிச்சாமி, பொறவு முங்கி எந்திரிச்சதுல பேதுரு"ன்னேன். அவ்வளவுதான். "அக்கா, தலையிலயும் அடி பட்டிருக்குதாட்டம் இருக்குது"ன்னு கத்திட்டு ஓடியே போயிருச்சு.

நீ அப்பத்தான் ஆபீஸ் ரூம்ல இருந்து வந்த. கையில ஒரு தாளு, அதுல என்ற பேரு உன்ற எழுத்துல. வாயில வராதது விடிஞ்சதும் கையில வந்திருக்குது. ஆனா மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. அவிய சொல்லிட்டாங்களாம், எக்ஸ்ரே, ரத்தம், சீட்டு எல்லாம் முருகன் பேருல போயிருச்சு, மாத்தணும்னா எல்லாத்தையும் மொதல்ல இருந்து புதுசா எடுக்கணும். எலும்பு டாக்டரு புதங்கெழம மட்டுந்தான் வருவாரு. இந்தப் புதன் தவறுனா அடுத்த புதன். என்ற காலு பலாப்பழமாட்டம் வீங்கிக் கெடக்குது, வெரலெல்லாம் நீலம் பூத்துப் போச்சு.

அப்பப் பாத்து வார்டு டாக்டரு வந்துட்டாரு. "என்னம்மா, இவரு பேரு வேறன்னு சொல்றாராமே? நீங்க முருகன் சம்சாரந்தான?"

நான் உன்னையவே பாத்துட்டிருந்தேன். நீ என்ற கால் வெரலப் பாத்த. கையில இருந்த தாள மெதுவாக் கசக்குன. காசு ரெண்டு கூட வந்துட்டா சந்தைக்குத் திரும்பி நடந்து போயிக் குடுத்துட்டு வர்ற பொம்பள நீ.

"ஆமாங்க. முருகன் சம்சாரந்தானுங்க. அவியளுக்கு வலியில நெதானம் இல்லீங்க."

ஆபரேசனுக்குக் கையெழுத்துக் கேட்டாங்க. முருகன் மனைவின்னு தெளிவா எழுதிக் குடுத்த. அவிய அந்தப்பக்கம் போனதும் நான் மெதுவாக் கேட்டேன், "ஏம்புள்ள, பொய் சொல்லிட்ட?"

"பேசாமப் படுங்க. ஊட்டுக்குப் போற வரைக்கும் முருகனா இருங்க."

எனக்கு சந்தோசப்படறதா அழுவறதான்னு தெரியல. ஆனா வாயி சும்மா இருக்குதா? "என்ற பேரச் சொல்ல வாயி வரல. எவனோ முருகனப் புருசன்னு வாய் நெறையச் சொல்ற"ன்னேன்.

"அது உங்க பேரு இல்லீங்களே, அதனால வந்துருச்சு."

ஒம்பது நாளு. "முருகன் ஊட்டம்மா"ன்னு கூப்புட்டா நீ எந்திரிச்சுப் போன. பக்கத்துக் கட்டில் அம்மா, "உன்ற புருசன் பேருக்கு அர்ச்சன பண்ணுனேன்"னு துன்னூறு கொண்டாந்து குடுத்துச்சு. ரெண்டு கையிலயும் வாங்கி, தாள்ல மடிச்சுத் தலவாணிக்கடியில வெச்ச. பல்லு வெளக்கி உட்ட, ஒன்னுக்குச் சட்டி எடுத்த, மூஞ்சி சுளிக்கல. அந்த ஒம்பது நாளும் நீ முட்டி போட்டு நான் பாக்கல. எனக்கு அது ஊசிய விட நல்லா வேல செஞ்சுச்சு. இந்த வாட்டி அவரு ரெண்டாவது, நான் மொதல்லன்னு படுத்துக் கெடந்தேன்.

ஊட்டுக்கு வந்தோம். கட்டுப் போட்ட கால நீட்டிக் கெடக்கறவன உட்டுட்டு நீ மாட்டுக்கொட்டாய்க்குப் போவ முடியல. வந்த மறுநா விடியால, என்ற கட்டிலுக்குப் பக்கத்துலயே முட்டி போட்ட. வலி மாத்தர போட்டா நான் கெடந்து தூங்குவேன்னு உனக்கு நெனப்பு. மாத்தர வேல செய்யல. போர்வைக்குள்ள முழிச்சுட்டுக் கெடந்தேன்.

போதகரு வரல. மவன் வரல. பஸ் டிரைவரு வரல. அப்பறம் சொன்ன, "ஆண்டவரே, டாக்டருகிட்டப் பொய் சொல்லிட்டேனுங்க. எழுத்துலயும் போட்டேனுங்க. ஒம்பது நாளு அந்தப் பொய்யிலயே இருந்தேனுங்க. தப்புத்தானுங்க."

போர்வ முனையக் கடிச்சேன். பாத்தியா, போயி மன்னிப்புக் கேட்டுட்டாளேன்னு. நான் ஜெயிச்சதத் திருப்பிக் குடுத்துட்டாளேன்னு.

நீ மூக்க உறிஞ்சுன. "ஆனா அந்தக் காலப் பாத்துட்டு, மறுக்காக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேனுங்க. அதுக்கும் சேத்து இப்பவே மன்னிச்சிருங்க. நீங்க மன்னிக்காட்டியும் எனக்கு வேற வழி தெரியலீங்க. அவிய வேணுமுங்க எனக்கு."

அப்பவும் என்ற பேரு வரல. அவியதான். எனக்கு அது போதுமா இருந்துச்சு. மல்லாந்து படுத்திருந்தேன், தண்ணி ரெண்டு காதுக்குள்ளயும் போயிருச்சு. தொடைக்கக் கைய எடுத்தா முழிச்சிருக்கறது தெரிஞ்சு போயிரும்னு அப்படியே கெடந்தேன்.

அவரத் தெரியாதுன்னு சொன்னவன்னு என்னையச் சொன்னயே, அவருகிட்டயே போயி உங்கள விட அவிய வேணும்னு சொன்னவ நீதான் புள்ள. உடு, அவருகிட்ட நான் போட்டுக் குடுக்க மாட்டேன். அவருதான் அங்கயே இருந்து கேட்டுட்டாரே.

அன்னிக்கே சொல்லியிருக்கணும் நான், கேட்டேன்னு. சொல்லல. காத்தால டம்ளரக் கொண்டாந்த, "இது யாருக்குப் போட்டது?"ன்னு கேட்டேன். "குடிங்க"ன்ன. அப்படியே அஞ்சு வருசம் ஓடிப்போச்சு. தெரிஞ்சுகிட்டே கேட்டேன். நீ மூஞ்சியத் திருப்பிட்டுச் சிரிக்கறதப் பாக்கறதுக்குன்னு கேட்டேன். காலு தாங்கித் தாங்கி நடக்கறப்பவெல்லாம் எனக்கு அந்த விடியால நெனப்புத்தான். இந்த மலையில எந்தக் கெழவனுக்கும் கெடைக்காதது எனக்குக் கெடச்சுதுன்னு உள்ளுக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டேன். வெளிய எடுத்தா நீ அதையும் கொண்டு போயி அவரு முன்னால வெச்சிருவயோன்னு ஒரு பயம்.

போன மழைக்கு உனக்கு நெஞ்சுல சளி கட்டுச்சு. கீழ போவலாம்னேன், வேண்டாம்னுட்ட. படுத்த படுக்கையில கூட என்ற வேட்டி காஞ்சுதான்னு கேட்டுட்டிருந்த. பொழுதோட ஒருநா என்ற கையப் புடிச்சுட்டுக் கேட்ட.

"ஏனுங்க, நான் உங்களுக்கு ஏதாச்சும் கொற வெச்சனுங்களா?"

அப்பவும் இந்த நாக்கு இருக்குதே. "ஒன்னே ஒன்னு. கடைசி வரைக்கும் எனக்கு ரெண்டாவது எடந்தான குடுத்த?"ன்னேன்.

நீ சிரிப்பன்னு நெனச்சேன். போயி மாட்டப் பாருங்கம்பன்னு நெனச்சேன். நீ சிரிக்கல. மோட்டுவளையப் பாத்துட்டே படுத்திருந்த. "இன்னுமா அப்படி நெனைக்கறீங்க?"ன்னு கேட்ட. அதுல கேலியே இல்ல புள்ள. கைய மட்டும் உடல. நான் ஏதோ இருமற மாதிரி இருமிட்டு எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். காச்சல் எறங்கட்டும், உக்கார வெச்சு நல்லாச் சொல்லி அசர அடிச்சர்லாம்னு நெனச்சேன். மறுநா நீ ஆளே தெரியாமப் பேசுன. அதுக்கு அடுத்த நா பேச்சே இல்ல.

கல்லறத் தோட்டத்துல போதகரு உன்னையப் பத்தி நல்லா பேசுனாரு. குணசாலியான பொஞ்சாதின்னாரு, கர்த்தருக்குப் பிரியமானவன்னாரு. அன்னிக்கு ஜெபக் கூட்டத்துல அழுத அந்தப் புள்ள, இப்ப ரெண்டு கொழந்தையோட வந்து, "அக்காதான் எனக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக் குடுத்தாங்க"ன்னு அழுதுச்சு. எல்லாருக்கும் நீ யாருன்னு தெரிஞ்சிருக்குது. எனக்கு ஒன்னுதான் தெரிய வேண்டியிருக்குது. அந்தக் கேள்வியோட போயிட்டயா? நான் கடைசி வரைக்கும் அப்படியேதான் நெனச்சேன்னு நெனச்சுட்டே கண்ண மூடுனயா?

அவருகிட்டக் கேட்டா சொல்லுவாரு, அவருக்குத் தெரியும். அவருகிட்டப் போயிக் கேக்கறதுக்கு எனக்கு மனசு வரல. இப்ப முழு நேரமும் நீ அவருகிட்டத்தான் இருக்கற, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல. நான் உன்கிட்டயேதான் சொல்லுவேன்.

கேளு. குறுக்க பேசாத, இந்த வாட்டி நான் பேசிக்கறேன். மாத்தர போட்டுட்டுத் தூங்கறேன்னு நீ நெனச்சயே, அந்த விடியால, நான் தூங்கல. நீ சொன்ன அத்தனையும் கேட்டேன். "அவிய வேணுமுங்க எனக்கு"ன்னு சொன்னயே, அது இன்னிக்கும் காத்தால எந்திரிச்சதும் காதுல கேக்குது, அதக் கேட்டுட்டுத்தான் அடுப்புப் பத்த வெக்கறேன். அன்னையிலருந்து நான் ஒருநாளும் ரெண்டாவதுன்னு நெனச்சதில்ல. சும்மா வாயி. உனக்குத் தெரியாதா என்ற வாயி? நீ மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருந்தயே, அப்ப நான் சொல்ல வந்தது வேற. உன்ற கையப் புடிச்சுட்டு

ஏ, எங்க எந்திரிக்கற? முந்தானைய எதுக்கு இழுத்துச் செருகற? அவரு கூப்புட்டாரா? எனக்கு ஒன்னுங் கேக்கலயே. ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு அவர, ஒம்பது நாளு நின்னவருதான. புள்ள, சிரிச்சுட்டே போவாத, நான் இன்னும் சொல்லி முடிக்கல, இரு, உன்கிட்ட நான்